வேலையைப் போட்டுவிட்டு வராதீர்கள்: இரட்டை நகரத் தமிழ்ச் சபையாருக்கு ஒரு திறந்த மடல்

செகந்திராபாத், ஐதராபாத் தமிழ்ச் சபைகளில் ஆராதிக்கும் சகோதர சகோதரிகளுக்கு,



உங்கள் கூட்டங்களில் அடிக்கடி கேட்கும் ஒரு சாட்சியிலிருந்தே தொடங்குகிறேன். "ஆபீசில் லீவு தரவில்லை. ஆனாலும் ஆண்டவர் காரியம்தான் பெரிது என்று எல்லாவற்றையும் அப்படியே போட்டுவிட்டு வந்துவிட்டேன்" என்று ஒருவர் சொல்கிறார். நீங்கள் அல்லேலூயா சொல்கிறீர்கள். அவர் போட்டுவிட்டு வந்தது என்ன, அது யார் தலையில் விழுந்தது, யார் அதனால் காத்துக் கிடந்தார்கள் என்று ஒருவரும் கேட்பதில்லை. அந்தக் கேள்வியை உங்கள் முன் வைக்க வேண்டும் என்று நெடுநாளாக என் மனம் அடித்துக்கொள்கிறது.

நானும் உங்களில் ஒருவன்தான். தாத்தா காலத்தில் திருநெல்வேலிச் சீமையிலிருந்து இங்கே வந்த குடும்பம். கன்டோன்மென்ட் வழியாகவும் ரயில்வே வழியாகவும்தான் நம்மில் பலருடைய முன்னோர் இந்த ஊருக்கு வந்து சேர்ந்தார்கள். பிழைப்புக்காக வந்தார்கள், வந்த இடத்தில் கூடி ஜெபித்தார்கள், கோயில் கட்டினார்கள். வேலைதான் நம்மை இந்த மண்ணில் ஊன்றியது. அந்த வேலையைத்தான் இன்று ஆண்டவருக்கும் நமக்கும் நடுவே நிற்கிற இடைஞ்சல்போலப் பேசப் பழகிக்கொண்டிருக்கிறோம்.

நம் சபைகளில் நடப்பதைப் பாருங்கள். ஒரு வாலிபன் வேலையை ராஜினாமா செய்துவிட்டு வேதாகமக் கல்லூரிக்குப் போகிறான் என்றால் ஐயர் அவனைப் பீடத்தின் முன் முழங்கால்படியிடச் செய்து, தலையில் கை வைத்து ஜெபிக்கிறார். அது நல்லது, அதை நான் குறை சொல்லவில்லை. அதே வாரம் ஒரு பெண்பிள்ளை அரசு மருத்துவமனையில் ஸ்டாஃப் நர்ஸாகச் சேருகிறாள். அவளுக்காக யார் ஜெபித்தோம்? முதல் சம்பளத்தில் அவள் கொடுத்த தசமபாகத்தை அறிவிப்பு நேரத்தில் வாசித்தோம். அவள் கையில் ஒப்படைக்கப்பட்ட உயிர்களைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. சம்பளத்தில் ஆண்டவருக்குப் பங்கு உண்டு, சம்பளம் வருகிற வேலையில் அவருக்குப் பங்கு இல்லை என்றுதானே அந்தப் பிள்ளை அதிலிருந்து விளங்கிக்கொள்வாள்?

இதை ஏதோ தத்துவமாகப் பேசவில்லை. என் வீட்டில் வலித்த காரியம் ஒன்று இருக்கிறது. என் மனைவி ஒரு மருத்துவமனையில் அறுவை சிகிச்சை முடிந்து படுத்திருந்தாள். இரவு ட்யூட்டியில் இருந்த நர்ஸ் நம் விசுவாசத்தைச் சேர்ந்தவர். எங்கள் கட்டிலருகே இருந்த வேதப்புத்தகத்தைப் பார்த்து முகம் மலர்ந்தார். என் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு கண்ணீரோடு ஜெபித்தார். எங்களுக்கு அது பெரிய ஆறுதலாகத்தான் இருந்தது. ஆனால் விடிய விடிய நான் கண் விழித்து உட்கார்ந்திருந்தேன். பி.பி. பார்க்க அவர் வரவில்லை. வெப்பமானி வைக்கவில்லை. அதிகாலையில் வந்து, கட்டிலின் கால்மாட்டில் தொங்கிய சார்ட்டை எடுத்து, பத்து மணி, இரண்டு மணி, ஆறு மணி என்று மூன்று கட்டங்களையும் ஒரே மூச்சில் நிரப்பினார். மூன்றிலும் ஏறக்குறைய ஒரே எண்கள். காலையில் டாக்டர் அந்த எண்களைப் பார்த்துத்தான் மருந்தைக் கூட்டலாமா குறைக்கலாமா என்று முடிவு செய்தார்.

அந்தச் சகோதரியின் ஜெபம் பொய் என்று நான் சொல்லமாட்டேன். உள்ளத்திலிருந்து வந்த ஜெபம் அது. ஒரு வார்டுக்கு எத்தனை நோயாளிகள், எத்தனை நர்ஸ்கள் என்பதும் எனக்குத் தெரியாமல் இல்லை. அந்த இரவில் அவர் எத்தனை கட்டில்களுக்கு ஓடினாரோ. ஆனால் எங்களிடம் வர நேரம் இல்லாதவர், எடுக்காத பி.பி.யை எடுத்ததாக ஏன் எழுத வேண்டும்? கட்டத்தை வெறுமையாக விட்டிருந்தால் டாக்டராவது அறிந்திருப்பார். ஜெபிப்பதும் சார்ட்டில் உண்மையை எழுதுவதும் ஒரே ஆண்டவருக்குச் செய்கிற இரண்டு காரியங்கள் என்று அவருக்கு எந்தப் பிரசங்கத்திலும் யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. அந்தப் பொறுப்பு சபையுடையது. அதனால்தான் அவரை விட்டுவிட்டு உங்களிடம் வருகிறேன்.

லூக்கா 3-ஆம் அதிகாரத்தை எடுத்து வாசியுங்கள். யோர்தானில் யோவான் ஸ்நானன் பிரசங்கிக்கிறார். கோடாரி மரத்தின் வேரருகே இருக்கிறது என்று கேட்டு நடுங்கிப்போய் ஜனங்கள் "நாங்கள் என்ன செய்ய?" என்கிறார்கள். ஆயக்காரரும் கேட்கிறார்கள், போர்ச்சேவகரும் கேட்கிறார்கள். அன்றைய யூதர்களுக்கு அந்த இரண்டு பிழைப்புமே அருவருப்பு. வனாந்தரத்தில் வெட்டுக்கிளி தின்று வாழ்ந்த அந்தத் தீர்க்கதரிசி, வேலையை உதறிவிட்டு என்னோடு வாருங்கள் என்று அவர்களைக் கூப்பிட்டிருக்கலாம். கூப்பிடவில்லை. குறிக்கப்பட்ட வரிக்குமேல் வாங்காதே என்றார் ஆயக்காரரிடம். மிரட்டிப் பறிக்காதே, பொய்க் குற்றம் சாட்டாதே, சம்பளம் போதும் என்றிரு என்றார் சேவகரிடம். மனந்திரும்புதலின் கனி என்ன என்று கேட்டவர்களுக்கு, அவரவர் வேலை மேசையையே அவர் சுட்டிக் காட்டியிருக்கிறார். இந்தப் பகுதியை வைத்து நம் கன்வென்ஷன்களில் பிரசங்கம் கேட்ட ஞாபகம் உங்களுக்கு இருக்கிறதா?

நமக்கு மிக அருகில் இருக்கும் ஒரு சாட்சியையும் சொல்ல வேண்டும். அவர் நம் பூர்வீகச் சீமைக்காரர். 1874-இல் திருநெல்வேலி வெள்ளாளன்விளையில் ஒரு குருவானவரின் வீட்டில் பிறந்த வேதநாயகம் சாமுவேல் அசரியா. 1903-இல் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனெரிச் சங்கம் உருவாக முன்னின்றவர். 1909-இல், ஒய்.எம்.சி.ஏ. செயலர் பொறுப்பை விட்டுவிட்டு, நிஜாம் ராஜ்யத்துத் தோர்ணக்கலுக்கு வந்தார். விஜயவாடா போகிற வழியில் காஜிப்பேட்டையைத் தாண்டி வருகிற அதே தோர்ணக்கல் ஜங்ஷன்தான். முப்பத்தைந்து வயதில் தெலுங்கு கற்றுக்கொண்டார். 1912 டிசம்பர் 29 அன்று கல்கத்தா தூய பவுல் பேராலயத்தில் அபிஷேகம் பெற்று, ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயரானார். 1945 ஜனவரி முதல் தேதி கண்மூடும்வரை தோர்ணக்கல்தான் அவருக்கு வீடு.

அவரும் வேலையை விட்டு ஊழியத்துக்கு வந்தவர்தானே என்று கேட்பீர்கள். ஆமாம். ஆனால் அவர் தெலுங்குக் கிராமங்களில் யாரிடம் போனார், அவர்களிடம் என்ன கேட்டார் என்று பாருங்கள். மாலா, மாதிகா சமூகத்தைச் சேர்ந்த உழைப்பாளிகள். நிலம் இல்லை, எழுத்து தெரியாது, ஊர்க் கிணற்றில் தண்ணீர் எடுக்க உரிமை கிடையாது. ஞானஸ்நானம் பெற்றதும் அவர்களைத் தங்கள் கையைத் தங்கள் தலைமேலேயே வைத்து, சுவிசேஷத்தை அறிவிக்காவிட்டால் எனக்கு ஐயோ என்று பவுல் கொரிந்தியருக்குச் சொன்னதைத் தங்கள் வாயால் சொல்ல வைப்பார். ஒருவரையும் விட்டுவைக்கவில்லை. அவர்களில் எத்தனை பேர் பிரசங்கியாக முடியும்? மறுநாள் காலையில் திரும்ப வயலுக்குத்தான் போனார்கள். நாற்று நட்டார்கள், மாடு மேய்த்தார்கள், தோல் பதனிட்டார்கள். குடியை விட்டார்கள். பிள்ளைகளைப் படிக்க வைத்தார்கள். சொன்ன சொல்லில் நின்றார்கள். அவர்களைத் தலைமுறை தலைமுறையாகத் தள்ளி வைத்திருந்த மேல்சாதியார் முதலில் வியந்து பார்த்தார்கள். பிறகு இவர்களுக்கு என்ன நேர்ந்தது என்று விசாரித்துக்கொண்டு அவர்களே சபைக்கு வரத் தொடங்கினார்கள். 1920-களிலும் முப்பதுகளிலும் தோர்ணக்கல் பகுதியில் நடந்த வரலாறு இது. அந்த மேல்சாதியாரை அழைத்து வந்தது எந்த மேடையும் இல்லை. தங்கள் நிலத்தில் அன்றாடம் வேலை செய்த மனிதர்களின் மாறிப்போன நாட்களைத்தான் அவர்கள் கண்ணால் கண்டார்கள்.

தோர்ணக்கலில் அசரியா கட்டிய பேராலயம் 1939-இல் பிரதிஷ்டை ஆனது. போய்ப் பார்க்காதவர்கள் ஒருமுறை போய் வாருங்கள். கிறிஸ்துமஸ் காலத்தில் நாம் வேன் பிடித்துப் போகிற மெதக் பேராலயத்தையும் சற்று வேறு கண்ணோடு பாருங்கள். பஞ்ச காலத்தில் பட்டினி கிடந்த ஜனங்களுக்குச் சும்மா சோறு போடாமல், வேலை கொடுத்துச் சோறு போட வேண்டும் என்று சார்லஸ் வாக்கர் போஸ்நெட் என்ற மிஷனெரி எழுப்பிய ஆலயம் அது. பத்தாண்டு வேலை, 1924 டிசம்பர் 25 பிரதிஷ்டை. அங்கே வண்ணக் கண்ணாடிச் சன்னல்களை அண்ணாந்து பார்த்துப் போட்டோ எடுக்கிறோம். கருங்கல்லைக் கொத்தி அடுக்கியவர்களின் பெயர் ஒன்றுகூட நமக்குத் தெரியாது. கல் இன்றைக்கும் அசையாமல் நிற்கிறது.

இன்னொருவர் நம் ஊரிலேயே வேலை பார்த்தவர். பேகம்பேட்டை பழைய விமான நிலையத்தின் பக்கம் ரொனால்ட் ராஸ் பெயரில் ஒரு கட்டடம் இருக்கிறதே, அதைத் தாண்டி நம்மில் எத்தனையோ பேர் தினமும் போகிறோம். அவர் மிஷனெரி இல்லை, ராணுவ மருத்துவர். மலேரியா எப்படிப் பரவுகிறது என்று கண்டுபிடிக்கக் கொசுக்களை ஒவ்வொன்றாக அறுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். 1897 ஆகஸ்ட். புழுக்கம். காற்று பட்டால் கொசு பறந்துபோகும் என்று விசிறி போடமுடியாது. நெற்றியிலும் கையிலும் வடிந்த வியர்வையில் மைக்ராஸ்கோப்பின் திருகுகள் துருப்பிடித்துவிட்டன. 20-ஆம் தேதி, ஒரு கொசுவின் உடம்பை எல்லாம் பார்த்து முடித்துவிட்டார். வயிற்றுச் சவ்வு மட்டும் பாக்கி. கண் களைத்துப்போயிற்று, ஆயிரம் வயிறு பார்த்தாயிற்று, இதில் மட்டும் என்ன இருக்கப்போகிறது, விட்டுவிடலாமா என்று தோன்றியதாக அவரே பின்னாளில் எழுதியிருக்கிறார். விடவில்லை. பார்த்தார். அந்தச் சவ்வில்தான் மலேரியாக் கிருமி இருந்தது. அப்போது அவர் எழுதிய கவிதையில் இந்த இரகசியத்தைத் தன் கையில் கொடுத்தவர் தேவன் என்று நன்றி சொன்னார். அவருடைய விசுவாசம் எப்படிப்பட்டது என்று நான் அளக்கப்போவதில்லை. அந்த மிச்சமிருந்த சவ்வைப் பற்றித்தான் உங்களிடம் பேச விரும்புகிறேன். உங்கள் ஒவ்வொருவரின் வேலையிலும் அப்படி ஒரு கடைசித் துண்டு இருக்கிறது. பார்க்காமல் விட்டாலும் யாரும் கண்டுபிடிக்கமாட்டார்கள்.

நிஜாமாபாத் பக்கம் டிச்பள்ளியில் டாக்டர் இசபெல் கெர் அம்மையார் தொழுநோயாளிகளுக்குச் செய்த வேலையும் அந்த வகைதான். ஸ்காட்லாந்துக்காரரான அவர் 1907-இல் வந்தார். 1932-இல் இந்த மண்ணிலேயே இறந்தார். நீரடிமுத்து எண்ணெயை ஊசி போட வேண்டும், திரும்பத் திரும்ப, மாதக்கணக்கில். ஒரே நாளில் குணமாகி எழுந்து நடந்த அற்புதம் எதுவும் அங்கே இல்லை. மறுவாரமும் அதே புண், அதே ஊசி, அதே பதிவேடு. அதைத்தான் அவர் தன் ஆண்டவருக்குக் கொடுத்தார்.

ரயில்வேயில் பாதைப் பராமரிப்புப் பிரிவில் என் ஆயுசு கழிந்தது. கீமேன் என்ற தொழிலாளியை உங்களில் ரயில்வேக்காரர்கள் அறிவார்கள். சுத்தியல், ஸ்பேனர், கொடிகள், டெட்டனேட்டர் எல்லாம் தோளில் மாட்டிக்கொண்டு, காலையில் தனக்குக் குறித்த தூரத்தைத் தண்டவாளத்தின் மேலேயே நடந்து போவார். மெயின் லைனில் ஒரு கிலோமீட்டருக்கு 1,660 ஸ்லீப்பர்கள். ஒவ்வொன்றிலும் தண்டவாளத்தைப் பிடித்திருக்கும் கிளிப் நான்கு. ஒரு கிலோமீட்டருக்கே 6,640 கிளிப். கழன்றதை அடித்து ஏற்ற வேண்டும், காணாமல் போனதற்கு வேறு போட வேண்டும், தண்டவாளத்தில் விரிசல் கண்டால் கொடி காட்டி வண்டியை நிறுத்த வேண்டும். வெயில், மழை, ஆளில்லாத பொட்டல். மேஸ்திரி வேறு எங்கோ இருப்பார். குனியாமல் நடந்து போனாலும் டைரியில் "சரி" என்று எழுதிவிடலாம். ஒருவர் இருந்தார், இஸ்லாமியர். மழையில் நனைந்த கிளிப்பை விரலால் தொட்டுப் பார்த்துத்தான் அடுத்ததற்குப் போவார். "கேட்க ஆள் இல்லை என்று யார் சொன்னது ஐயா, மேலே ஒருவன் கேட்பான்" என்பார். அவருக்குத் தெரிந்திருந்த அந்தப் பயபக்தி, ஞாயிறுதோறும் கர்த்தருடைய பந்தியில் கை நீட்டுகிற நமக்கு இருக்கிறதா என்று நான் பலநாள் யோசித்திருக்கிறேன்.

மாதாப்பூரிலும் கச்சிபௌலியிலும் வேலை பார்க்கிற தம்பி தங்கைகளே, உங்களுக்கும் ஒரு வார்த்தை. டெஸ்ட் செய்யாமலே "பாஸ்" என்று போடுகிறதும், எட்டு மணி நேரம் என்று டைம்ஷீட்டில் நிரப்பிவிட்டு மூன்று மணி நேரம் ஜெபக்குழு வாட்ஸ்அப்பில் இருப்பதும், அடுத்தவன் எழுதிய கோடைத் திறந்தே பாராமல் ரிவ்யூ முடிந்தது என்று எழுதுவதும் உங்களுக்குச் சின்னக் காரியமாகத் தெரியலாம். அந்த மென்பொருளின் மறுமுனையில் பென்ஷன் பணத்துக்காக வரிசையில் நிற்கிற ஒரு பாட்டி இருக்கலாம். சனிக்கிழமை வாலிபர் கூட்டத்தில் நீங்கள் கிட்டார் வாசிப்பது எனக்கு மகிழ்ச்சி. அதே விரல்கள்தான் திங்கட்கிழமை கீபோர்டில் இருக்கின்றன. அந்த விரல்களைப் படைத்தவர் இரண்டையும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார்.

இவ்வளவும் சொன்னபிறகு ஒரு எச்சரிக்கை சொல்லியே ஆகவேண்டும். சொன்னதைச் செய், வாயை மூடு, ஆண்டவர் பார்த்துக்கொள்வார் என்று முதலாளிகளுக்கு வக்காலத்து வாங்குவதற்காக நான் எழுதவில்லை. நம் வேதத்தை அப்படியும் பயன்படுத்தியிருக்கிறார்கள். அது பெரிய அநியாயம். எதைச் செய்தாலும் மனுஷருக்கென்று செய்யாமல் கர்த்தருக்கென்றே செய்யுங்கள் என்ற கருத்தைப் பவுல் கொலோசெயருக்கு எழுதியபோது அதை அடிமைகளிடம்தான் சொன்னார். ஆனால் அங்கேயே நிறுத்தவில்லை. அடுத்து எஜமான்களிடம் திரும்பி, நீதியும் செவ்வையுமானதைக் கொடுங்கள், உங்களுக்கும் பரலோகத்தில் ஒரு எஜமான் உண்டு என்று எச்சரித்தார். கணக்கைத் திருத்தி எழுதச் சொன்னால் எழுதமாட்டேன் என்பதும் உண்மையான வேலையின் பகுதி. பதினாறு மணி நேரம் நிற்கவைக்கப்பட்ட நர்ஸ் தன் சங்கத்தோடு சேர்ந்து குரல் எழுப்புவதும் நோயாளிக்குச் செய்யும் கடமைதான்.

அப்படியானால் உங்கள் சமையலறையில் வேலை செய்கிற அக்காவின் காரியம் என்ன? நம்மில் அநேகர் வீட்டில் பாத்திரம் தேய்க்கவும் வீடு துடைக்கவும் ஒருவர் வருகிறார். அவரும் சிலவேளை கிறிஸ்தவர்தான். தெலுங்குச் சபைக்குப் போகிறவர். ஞாயிறு காலை நீங்கள் எட்டரை ஆராதனைக்குப் பட்டுப்புடவை கட்டிப் புறப்படுகிற நேரத்தில், அவர் உங்கள் வீட்டில் இட்லித் தட்டைக் கழுவிக்கொண்டிருக்கிறார். அவருக்கு ஆராதனை எப்போது? மாதம் முதல் தேதி அவர் கையில் சம்பளம் போகிறதா, அல்லது பத்தாம் தேதிவரை "நாளைக்கு வா" தானா? காணிக்கைக் கவரில் பணம் வைக்குமுன் இந்தக் கணக்கை முடித்துவிடுங்கள்.

வீட்டிலேயே இருந்து உழைக்கிறவர்களையும் நான் மறக்கவில்லை. திருநெல்வேலிப் பக்கம் நம் பாட்டிமார் பிடியரிசி எடுத்து வைப்பார்கள். உலை வைக்குமுன் ஒரு கைப்பிடி அரிசியை ஆண்டவருக்கென்று தனிப் பானையில் போட்டுவிட்டு மீதியைச் சமைப்பார்கள். அந்தப் பிடியும் உலையில் போன மீதியும் ஒரே மரக்காலில் அளந்த அரிசி. படுக்கையில் கிடக்கும் மாமியாரைப் புரட்டிப் படுக்கவைத்து, உடல் துடைத்து, புண் வராமல் காக்கிற எத்தனையோ பெண்கள் நம் சபைகளில் இருக்கிறார்கள். பெண்கள் ஐக்கிய சங்கக் கூட்டத்துக்கு வருவதில்லை என்று வருகைப் பதிவேட்டில் அவர்கள் பெயருக்கு நேரே கோடு போடுகிறோம். தயவுசெய்து அதை நிறுத்துங்கள். கூட்டம் முடிந்ததும் இரண்டுபேர் அவர்கள் வீட்டுக்குப் போய், ஒரு மணி நேரம் அந்தக் கட்டிலருகே இருந்து, அந்தப் பெண்ணைக் கொஞ்சம் தூங்க விடுங்கள்.

இப்போது உங்களிடம் நான் கேட்க வந்ததைக் கேட்கிறேன்.

ஐயர்மாரே, சேகரக் கமிட்டி அங்கத்தினரே, ஒருவருடைய ட்யூட்டி நேரத்தில் அவரைச் சபை வேலைக்கு அழைக்காதீர்கள். வரமுடியவில்லை என்று சொன்னால் விசுவாசத்தில் குறைந்தவர் என்று பேசாதீர்கள். பொய்யான மருத்துவச் சான்று கொடுத்து லீவு போட்டு உபவாச ஜெபத்துக்கு வருகிறவரைத் திருப்பி அனுப்புங்கள்.

அடுத்தது அறுப்பின் பண்டிகை. வாழைத்தாரும் கோழியும் பலகாரமும் கொண்டுவந்து படைக்கிறோம், ஏலம் விடுகிறோம். இந்த ஆண்டு ஏலத்துக்கு முன்னால் அரைமணி நேரம் ஒதுக்குங்கள். மிஷனெரிகளைப் பீடத்தின் முன் நிறுத்துகிறதுபோல நர்ஸ்களை நிறுத்துங்கள்; லோகோ பைலட், ஆசிரியர், ஆட்டோ ஓட்டுகிறவர், தையல்காரர், மென்பொருள் வேலைக்காரர், படுக்கையில் கிடப்பவரைப் பராமரிக்கிறவர், வீட்டுவேலை செய்கிறவர் எல்லோரையும் நிறுத்துங்கள். பெயர் சொல்லி, அவரவர் வேலையைச் சொல்லி, மிஷனெரிக்குச் செய்கிற அதே ஜெபத்தை அவர்களுக்கும் செய்யுங்கள். தையல்காரருக்கு என்ன ஜெபிப்பது என்று தெரியாவிட்டால் முந்தின வாரம் அவர் கடைக்குப் போய், ஒரு மணி நேரம் உட்கார்ந்து பார்த்துவிட்டு வாருங்கள்.

சபையாரே, உங்களிடம் கேட்பது ஒன்றே ஒன்று. இந்த வாரம் உங்கள் வேலையில் "யார் பார்க்கப் போகிறார்கள்" என்று வழக்கமாக விட்டுவிடுகிற ஒரு காரியத்தை எடுத்து, முழுதாகச் செய்து முடியுங்கள். அடுத்த ஞாயிறு சாட்சி நேரத்தில் எழுந்து அதைச் சொல்லுங்கள். யாரும் அல்லேலூயா சொல்லாவிட்டாலும் சொல்லுங்கள்.

இந்த மடலை உங்கள் அடுத்த கமிட்டிக் கூட்டத்தில் ஒருவர் எழுந்து வாசிக்கட்டும். ஒப்புக்கொள்ளாதவர்கள் அங்கேயே எதிர்த்துப் பேசட்டும். பேசி முடித்தபின் அறுப்பின் பண்டிகையில் அந்த அரைமணி நேரம் உண்டா இல்லையா என்று முடிவெடுத்து, வரும் ஞாயிறு அறிவிப்பில் சொல்லிவிடுங்கள்.

கர்த்தருக்குள் உங்கள் சகோதரன்,
ரயில்வே பாதைப் பராமரிப்புப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஒரு சபை அங்கத்தினன்,
செகந்திராபாத்.